நீலக்கதவு

ஐயாயிரம் பேரை உண்டாக்கினேன்
பங்குனிப் பிற்பகல் ஒன்றில்
காளவாசல் அலுவலகத்தின் இரண்டாம் மாடியில்.
முகம் கிடையாது, வீடு கிடையாது,
குடிக்க வாய்கூடக் கிடையாது.
பொத்தானுக்கும் பொத்தானுக்கும் நடுவே
யோசிக்க மூன்று நொடி கொடுத்தேன், அவ்வளவுதான்.

எல்லாருக்கும் ஒரே வேலை:
தண்ணி லாரி கேட்க வேண்டும்.
ஆனையூரில் ஆயிரம் பேர்,
அவனியாபுரத்தில் ஆயிரத்து இருநூறு,
மிச்சப் பேர் வண்டியூர்க் கண்மாய்க்கு
அங்கிட்டும் இங்கிட்டும்.

பதில் சொல்கிற எந்திரம் மும்பையில் இருக்கிறது,
குளிரூட்டிய ஏதோ ஓர் அறையில், மணிக்கணக்கு வாடகைக்கு.
அதை நாங்கள் மேகம் என்கிறோம்.
இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு
அந்தச் சொல்லைச் சொல்லக் கொஞ்சம் கூச்சம்தான்.

ஐயாயிரம் பேருக்கும் லாரி கிடைத்தது.
யாரும் யார் குடத்தையும் தள்ளவில்லை,
டிரைவரை வையவில்லை.
சராசரி அரை நொடிக்கும் கீழே.
இர்ஃபானா பச்சைக் கோட்டைப் படம் பிடித்துக் குழுவில் போட்டாள்.
"போதும், விட்ருவோம்" என்றார் தவசிமுத்து.
விட்டோம்.

நிமிடத்துக்கொரு தரம் எங்கள் காவல்காரன்
வாசலைத் தட்டிக் கேட்பான்: இருக்கியா?
இருக்கேன், என்று இருநூறாம் எண் பதில் வரும்.
இருபத்திநாலு மணி நேரமும் பச்சை.
வாசலைத் தாண்டி உள்ளே போய்
அவன் ஒரு நாளும் தண்ணீர் கேட்டதில்லை.
கேட்கச் சொல்லி நான் எழுதவில்லை.

சராசரி என்பது
வைகைக்கு முழங்கால் ஆழம் என்று சொல்வது.
ஐப்பசியில் ஆளை அடிக்கும்,
பங்குனியில் நடுவில் ஸ்டம்பு ஊன்றுவார்கள்,
கணக்குப் போட்டால் முழங்கால்.

மூன்றாம் வாரம், தூக்கம் வராமல்,
சராசரியை ஒதுக்கிவிட்டு
நூறு பேரை வேகப்படி வரிசையில் நிறுத்திப் பார்த்தேன்.
தொண்ணூற்றொன்பது பேர் ஒரு நொடிக்குள்.
நூறாவது ஆள்
முப்பத்தொன்று.
முப்பதில் கதவைச் சாத்து என்று எழுதியது நான்தான்.

அந்த ஒரு தடத்தை மட்டும் பிரித்தேன்.
சிலைமான். இரவு இரண்டு பத்து.
முகவரிக் கட்டத்தில்:
*ரைஸ்மில் பின்னாடி, நீலக் கதவு, நாய் இருக்கும், கடிக்காது.*
தோல்வி. எழுதியதெல்லாம் அழிந்துவிட்டது.
இரண்டு பன்னிரண்டு:
*ரைஸ்மில் பின்னாடி நீலக் கதவு நாய் கடிக்காது.*
இரண்டு பதிமூன்று. மறுபடி இரண்டு பதிமூன்று.
*மில் பின்னாடி நீலக் கதவு.*
அதற்குப் பிறகு பதினான்கு நிமிடம் ஒன்றுமே இல்லை.
எழுந்து போய்க் குழாயைத் திருகிப் பார்த்தாரோ,
போனைச் சார்ஜில் போட்டாரோ.
திரும்ப வந்தார்.
இரண்டு நாற்பத்தேழு, பதினோராம் முறை:
*நீலக்கதவு.*

காரணம் சின்னது. எப்போதும் சின்னதுதான்.
வார்டு எண் இல்லாத தெரு வந்தால்
மொத்த அட்டவணையையும் முதல் வரியிலிருந்து துழாவுகிறது.
என் ஐயாயிரம் பேருக்கும் வார்டு எண் இருந்தது.
மாநகராட்சி எல்லையோடு
என் கற்பனையும் நின்றிருந்தது.

ஒரே வரியில் சரிசெய்தேன்.
வெள்ளன ஆறு மணிக்கு முன்னால் ஏற்றியும் விட்டேன்.
பிறகு புதிதாக ஓர் ஆளை உண்டாக்கினேன்,
ஐயாயிரத்து ஒன்றாவது:
சிக்னல் ஒரு கோடு, வார்டு கிடையாது,
தோற்றால் திரும்பத் தட்டுவார்,
தட்டத் தட்ட எழுத்தைக் குறைத்துக்கொள்வார்,
நடுவில் பதினான்கு நிமிடம் காணாமல் போவார்.
பெயர் கேட்டது நிரல்.
நீலக்கதவு என்று அடித்தேன்.
ஒன்றே கால் நொடியில் அவருக்கு லாரி உறுதியானது.

உண்மையான எண் அதற்குப் பிறகு வரவேயில்லை.
மூன்று நாள் தேடினேன்.
எவரிடமாவது காசு கொடுத்து வாங்கியிருக்கலாம்.

போன ஞாயிறு மானாமதுரையில் ஒரு கல்யாணம்.
சிலைமானில் பஸ் நிற்கவில்லை.
ஜன்னல் கம்பியில் நெற்றி இடிக்க எட்டிப் பார்த்தேன்.
ரைஸ்மில் தெரிந்தது.
பின்னாடி இரண்டு கதவு, இரண்டும் நீலம்.
ஒன்றின் முன்னால்
காலி டிரம்மின் நிழலில்
நாய்.