கைராசி

பேய்ரா துறைமுகத்திலிருந்து திரும்பி வந்த பெட்டியில்
பன்னிரண்டு பல்சக்கரத் தண்டுகள்.
பதினொன்று கண்ணாடி.
பன்னிரண்டாவதில்
பழுப்பாய் ஒரு கட்டைவிரல்,
ரேகை ரேகையாக,
சுழியும் வெட்டுத்தழும்பும் தெளிவாக.

"யார் தொட்டது?" என்றாள் கோகி.
ஜேக்கப்ஸ் கிடங்கில் ஆறு பேர்.
ஆறு பேருமே கையுறை போட்டிருந்ததாகச் சொன்னோம்.
பிப்ரவரி. டர்பனில் காற்றையே பிழியலாம்.
கையுறைக்குள் வியர்வை குளம் கட்டும்.
யார்தான் கழற்றாமல் இருந்தோம்?

ஆறு எஃகுத் தகடுகளை ஸ்பிரிட்டில் துடைத்து
ஆளுக்கொன்றாய் நீட்டினாள்.
உதவித்தொகை வரிசையில் அப்பா வைப்பாரே,
அப்படி அழுத்தி வைத்தோம்.
ஈரத்துணி விரித்த டப்பாவில் போட்டு மூடி
வீட்டுக்குப் போங்கள் என்றாள்.

காலையில்
ஐந்து தகடு வெறும் தகடு.
என்னுடையது பூத்திருந்தது.

"உனக்கு ஓடுவது ரத்தமா,
மாங்காய் ஊறுகாய்த் தண்ணியா?"
லுங்கேலோ மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தான்.

பாக்கியம் வியக்கவே இல்லை.
எங்கள் கேட்டுத் தாழ்ப்பாளில்
நான் பிடிக்கும் இடம் மட்டும் செம்மண் நிறம்.
அவள் கத்தரிக்கோலை நான் எடுத்தால்
புறங்கையில் ஒரு அடி விழும்.
"மிளகாய் நட்டால் காய்க்கிற கை,
இரும்பைத் தொட்டால் தின்கிற கை.
ரெண்டும் ஒரே ராசிதான், போய்ச் சாப்பிடு."

வேலை போகவில்லை.
கடைசி மேசைக்கு மாற்றினாள் கோகி.
இப்போது என் கைக்கு வருவது எதுவும் இரும்பில்லை:
மருந்தேறிய தாள்,
தின்னாதே தின்னாதே என்று ஆறு மொழியில் கெஞ்சும்
ஈரங்குடிக்கும் பொட்டலங்கள்,
நீலமாய்ப் போய், ஈரம் கண்டால்
இளஞ்சிவப்பாகிக் கோள்சொல்லும் அட்டை.

தண்டுக்கும் எனக்கும் நடுவே
எண்ணெய், தாள், உறை, பலகை.
அப்புறமும் பயம்தான்:
பகலெல்லாம் வெந்த கண்டெய்னர்
இரவில் குளிர்ந்தால்
கூரை வியர்த்து உள்ளேயே மழை பெய்யும்.
அந்த மழைக்கு நான் பொறுப்பில்லை.

நேற்று அதே தண்டு
தேய்த்து மெருகேறி மறுபடி பேய்ராவுக்குக் கிளம்பியது.
கோகி நகம் ஓட்டிப் பார்த்தாள்.
ஒன்றும் தட்டவில்லை.

பெட்டியை இறுக்கிய இரும்புப் பட்டைக்கு ஒரு கொக்கி.
எந்த மெஷினுக்குள்ளும் போகாத கொக்கி.
அங்கே யாரோ வெட்டி
மணலில் எறிவார்கள்.

ஆள் இல்லாத நேரம் பார்த்து
கையுறையைக் கழற்றினேன்.