ஆத்துக்கணக்கு

எங்கள் டிவிசனுக்குப் பெயர் ஆத்துக்கணக்கு.
ஐப்பசியில் ஆறு லயத்துக்குள் வந்தது.
கதவைத் தட்டவில்லை.
நாலாம் காம்பிரா அடுப்புக்குள் இரண்டு கெண்டை,
கோழிக்கூட்டில் யாருடையதோ ஒற்றைச் சப்பாத்து.
விடியுமுன் திரும்பிப் போகையில்
எங்கள் துவைகல்லைக் கொண்டுபோய்
வேறொன்றை வைத்துவிட்டிருந்தது.

நீளமான சிமெந்துக் கல். மல்லாந்து கிடந்தது.
நெஞ்சில் வெள்ளைப் பெயின்ட்டில் 17.

எதன் பதினேழு என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.
சேறு குடித்த உடுப்புகள் குவிந்து கிடந்தன.
கொஞ்சம் சொரசொரப்பு.
கொழுந்துக் கறைகூட விட்டது.
"போனதைவிட இது நல்ல கல்லு"
என்றாள் ஞானசீலி.

தைப்பனியில், தலவாக்கலை பஸ்ஸில் இறங்கி
வனசீவராசி மாத்தயா வந்தார்.
பெயர் வன்னிநாயக்க. சின்ன வயது.
காலுறைக்குள் அட்டை ஏறியது தெரியாமல் நடந்தார்.

அக்கரைச் சதுப்பைச் சுற்றி அரசாங்கக் கல்,
ஒன்றிலிருந்து நாற்பத்திரண்டு வரை.
கோரைக்கும் சம்புக்கும் நீர்க்கோழிக்கும்
இருட்டில் மட்டும் நடமாடும் மீன்பிடிப் பூனைக்கும்
வர்த்தமானியில் எழுதிக் கொடுத்த இடம்.
பதினாறு இருக்கிறது.
பதினெட்டு இருக்கிறது.

நான் அப்போது போர்வை அடித்துக்கொண்டிருந்தேன்.
ஒவ்வோர் அடிக்கும் நம்பர்
நுரைக்குள் போய்ப் போய் வந்தது.
அவர் கல்லைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.
பிழிந்து முடிக்கும்வரை பேசாமல் நின்றார்.
அதற்காக அவர்மேல் எனக்கு மரியாதை.

"அக்கே, இது ஆண்டுவ கல்லு."
"ஆறுதான் கொண்டாந்துச்சு மாத்தயா.
ஆறும் ஆண்டுவதானே?"

சிரித்துவிட்டார்.
ஆனாலும் வேலை வேலைதான்.
மருந்தடித்துவிட்டு வந்த நாலு பேர்
கயிறு கட்டிக் கல்லைத் தூக்கினார்கள்.
கைபேசியில் ஒரு நீலப்புள்ளி,
புள்ளிக்குப் பின்னால் அவர்,
அவருக்குப் பின்னால் கல்.
கணுக்கால். முழங்கால். தொடை.
"இங்கதான்" என்று அவர் நின்ற இடத்தில்
ஆறு அவர் இடுப்பைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தது.

கரையாக இருந்த இடம் அது.
மழையோடு மழையாக ஆறு அங்கே குடியேறிவிட்டது,
ஒருவரிடமும் உறுதி கேட்காமல்.
எங்கள் காம்பிராக்களுக்கும் நம்பர் உண்டு.
வெள்ளைக்காரன் காலத்துப் பெயின்ட். உறுதிதான் இல்லை.
இதை அவரிடம் சொல்ல வாயெடுத்தேன்.
கல்லைச் சுமந்தவர்களுக்கு மூச்சு வாங்கியது.
சொல்லவில்லை.

எடுத்துவந்து கிடந்த இடத்திலேயே போட்டார்கள்.
அவர் புத்தகத்தில் ஏதோ எழுதினார்.
ஞானசீலியின் மகன் சிங்களம் வாசிப்பான்,
எட்டிப் பார்த்துச் சொன்னான்:
'பதினேழு. ஆற்றில் இருக்கிறது.'
பொய்யில்லை. கீழ்ப்பாதி தண்ணீருக்குள்தான்.

மாசியில் ஒரு விடியல்,
துணிமூட்டையோடு முதல் ஆளாய்ப் போனேன்.
கல்லின்மேல் செதில்கள், ஒரு மீன்தலை,
காயாத நாலு ஈரத்தடம்.
நாய் இல்லை. நாய் தலையை விட்டுவைக்காது.
காற்றில்லாத நேரம்,
அக்கரையில் கோரை அசைந்து அடங்கியது.

செதிலை வழித்து ஆற்றில் விட்டேன்.
தலையை எடுத்து
எட்டுகிற மாதிரி ஓரமாய் வைத்தேன்.

சவுக்காரம் போட்டுப் போட்டு
ஒன்று அழிந்துவிட்டது.
ஏழு இன்னும் கொஞ்சம் தெரிகிறது.