ஓரச் சிப்பாய்

மைதானத்தில் காட்டெருமை நின்றதால்
கடைசிச் சுற்று நாற்பது நிமிடம் தாமதம்.
அது மேய்ந்து முடித்து வேலி தாண்டிய பிறகுதான்
கோத்தகிரிப் பள்ளிக்கூட அரங்கைத் திறந்தார்
நடுவர் போஜன்.

மூன்றாம் பலகை. எதிரே யோகராணி,
சோலூர்மட்டம் பக்கம், எஸ்டேட் லைன் வீடு.
எழுதாத பேனாவை
உள்ளங்கையில் உருட்டிச் சூடேற்றிக்கொண்டிருந்தாள்.

மூன்று மாதம் படித்திருந்தேன் நான்.
ராஜாவின் சிப்பாய் வந்தால் சிசிலியன்,
ராணியின் சிப்பாய் வந்தால் அதற்கொரு தற்காப்பு.
பதினான்கு நகர்த்தல் வரை கண்மூடிச் சொல்வேன்.
தேயிலை ஆலையில் எடை குறிக்கும் நோட்டின்
பின்பக்கமெல்லாம் அம்புக்குறி.

அவள் இடது ஓரச் சிப்பாயை
ஒரே ஒரு கட்டம் தள்ளினாள்.
கடிகாரத்தை அமுக்கினாள்.

நான் படித்த எதிலும் அது இல்லை.
நீயே முதலில் போ என்று
பஸ் படிக்கட்டில் ஒதுங்கி நிற்பது மாதிரி.
கறுப்புக்குத் தயாராக வந்தவன்
திடீரென்று வெள்ளைக்காரன் ஆகிவிட்டேன்,
தொடங்கத் தெரியாத வெள்ளைக்காரன்.

இருபத்தாறாவது நகர்த்தலில்
ஒரு குதிரை போயிருந்தது.
ராஜா கோட்டைக்குள்தான் இருந்தார்,
கோட்டைக்கு மதில் இல்லை.
அந்த ஓரச் சிப்பாய் நின்ற இடத்திலேயே நின்று
என் மந்திரி இறங்கவேண்டிய ஒரே கட்டத்தைப்
பார்த்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் கவனித்தேன்.
அவள் பார்ப்பது ஆட்டக் கடிகாரத்தை அல்ல,
சுவர்க் கடிகாரத்தை.
ஆறு பத்துக்கு அவள் ஊருக்குக் கடைசி பஸ்.
என் பக்கம் முப்பத்தெட்டு நிமிடம் மிச்சம்.
விதிப்படி என்னுடையவை.

உட்கார்ந்தேன்.
ஜன்னல் இடுக்கில் மூடுபனி நுழைந்து
குறிப்புத்தாள் நமுத்துப்போனது.
நெற்றியைப் பிடித்துக்கொண்டேன், யோசிப்பவன் போல.
யோசிக்க எதுவும் இல்லை.
கீழே பஸ் ஸ்டாண்டில் ஹாரன். இன்னொரு ஹாரன்.

ஐந்து ஐம்பத்தொன்பது.
“டிராவா?” என்றாள்,
பலகையையும் பார்க்காமல் என்னையும் பார்க்காமல்.
தலையாட்டினேன்.
ஆளுக்கு அரைப் புள்ளி.
கையெழுத்துப் போட்டுக் கை கொடுத்தாள்.
சூடான கை.
படியிறங்கி ஓடும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது.

அந்த அரையில் எனக்கு ஆறாம் இடம்,
பரிசு ஒரு டார்ச் லைட்.
என் வீடு பத்து நிமிட நடை.
தண்ணீர்த் தொட்டி வளைவில் டார்ச் அடித்தேன்,
சாலையை அடைத்துக்கொண்டு
அதே காட்டெருமை, அல்லது வேறொன்று.
அணைத்துவிட்டு
அது நகரும்வரை நின்றேன்.
நேரம் எனக்கு நிறைய இருந்தது.