மூச்சு வாங்கும் இடம்

பெலேம் நகரில் பட்டியலை வானொலியில் வாசிப்பார்கள்.
ஜனவரி மழை தகரத்தில் இறங்கிக்கொண்டிருக்கும்.
தெரு முழுக்க ஒரே அலைவரிசை.
மருத்துவம் என்றதும்
அம்மா கத்தரியைக் கீழே வைத்துவிடுவாள்.

எடில்சன்.
அறிவிப்பாளர் மூச்சு வாங்குகிறார்.
எட்மார்.

எடிவான் ஆகிய நான்
ஐந்து வருடமாக அந்த மூச்சுக்குள் இருக்கிறேன்.

முதல் முறை நாற்பது மதிப்பெண் குறைவு.
பிறகு பத்தொன்பது. பிறகு ஏழு.
நான்காம் முறை மூன்று.
அன்றிரவு ஆற்றங்கரையில் நின்று
மூன்று என்பது எவ்வளவு என்று
விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன்.
இந்த முறை பதினொன்று.
நெருங்கிவிட்டேன் என்று
இனி யாரிடமும் சொல்ல முடியாது.

பட்டியல் முடிந்த கால் மணி நேரத்தில்
எங்கள் கடை வாசலில் வரிசை.
இந்த ஊரில் தேறியவனுக்கு மொட்டை.
வேண்டுதலும் இல்லை, துக்கமும் இல்லை,
ஊரறிய ஒரு வெறுந்தலை, அவ்வளவுதான்.
மாவும் முட்டையும் காதோரம் வழிய
மாமரத் தெருவில் கத்திக்கொண்டு வருகிறார்கள்.
அம்மாவுக்கு ஒரு நாற்காலி, எனக்கு ஒன்று.
இந்த ஒரு நாளில் ஒரு மாத வாடகை வந்துவிடும்.
அடுத்தவன் தேறினால் நம் அடுப்பு எரியும் என்று
அம்மா ஒருநாளும் சொன்னதில்லை.
நான்தான் சொல்லிக்கொள்வேன்.

அவர்கள் கழுத்தில் நான் கட்டும் துணி
முதல் வருடம் அம்மா வாங்கியது,
என் பெயர் எழுதி வாசலில் தொங்கவிட.
ஐந்து மீட்டர், மஞ்சள்.
மூன்று வருடம் அலமாரியில் கிடந்து
பூஞ்சை மணம் பிடித்த பிறகு
நானே வெட்டி ஓரம் தைத்தேன்.
அம்மா திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
தையல் கோணல் என்றாள்.

ஏழாவதாக வந்து உட்கார்ந்தவன் கயீக்.
வயது பதினேழு.
பயிற்சி வகுப்பில் எனக்கு முன் வரிசை.
சிறுநீரகத்தை அவனுக்கு வரைந்து காட்டியது நான்.
"உனக்குக் கோபம் இல்லையே?"
கண்ணாடியில் பார்த்துக் கேட்கிறான்.
"தலையை ஆட்டாதே."
கோபம்தான்.
கத்தி கையில் இருக்கும்போது
அதை முழங்கைக்கு மேலேயே
நிறுத்திவைக்கப் பழகியிருக்கிறேன்.

நுதலெலும்பு.
சுவரெலும்பு, இடது, வலது.
பிடரெலும்புக்கு வரும்போது ஒரு தழும்பு.
ஐந்து தையல், அவசரத்தில் போட்டது,
ஒன்று மட்டும் இழுத்துக்கொண்டிருக்கிறது.
"படகிலிருந்து விழுந்தேன், ஆறு வயசில்.
முடிக்குள்ளே இருந்தது, யாருக்கும் தெரியாது."
அந்த இடத்தில் கத்தியைச் சாய்த்து
தோலை இழுத்துப் பிடித்து
மெதுவாக, இன்னும் மெதுவாக.
ஒரு துளி ரத்தம் இல்லை.

எந்தத் தேர்வும் இதைக் கேட்டதில்லை.
கேட்டிருந்தால் என்று
இரண்டு தலை நேரம் யோசித்தேன்.
மூன்றாவது தலை பேன் தலை.
விட்டுவிட்டேன்.

மழை ஓய்ந்ததும் பெருக்கினேன்.
பதினான்கு தலை முடி, ஒரே சாக்கு.
எது சட்டம், எது பொறியியல், எது மருத்துவம்,
பிரிக்க முடியவில்லை.
பக்கத்து வீட்டு இவானெட்டி வாசலில் நின்று
"அடுத்த வருஷம்..." என்று தொடங்கினாள்.
"மறுபடி மழை வரும், உன் துணியை எடு"
என்றாள் அம்மா.

இரவு பணம் எண்ணும்போது
சில நோட்டுகளைத் தனியே மடித்தாள்.
விண்ணப்பக் கட்டணம்.
"எழுதுவேனா என்று தெரியவில்லை அம்மா."
"நோட்டு கெட்டுப்போகாது"
என்று சொல்லி ரப்பர் போட்டாள்.

வானொலியை அணைக்க மறந்திருந்தோம்.
மராஜோ தீவுக்குக் காலைப் படகு
ஆறரைக்கு என்றது.
மஞ்சள் துணியைத் துவைத்து
வாசல் கம்பியில் போட்டேன்.
எழுத்தில்லாமல், ஓரம் கோணலாக,
யார் யாருடையதோ
நாலைந்து முடி இன்னும் ஒட்டியபடி
தெருவைப் பார்த்துத் தொங்கிக்கொண்டிருந்தது.