காலிசெய்

இந்த மொழியில் ஒரு பொருளுக்கு
ஒரே ஒரு வம்சம்தான்.
அறை என்றால் அறை, முடிந்தது.
காகிதப்பட்டறையில்
சம்பங்கி அம்மாள் லாட்ஜின் அறைகளோ
அதற்குள் அடங்குவதாயில்லை.
பூட்டினால் வாடகை அறை.
அடுப்பேற்றினால் சமையலறை,
மீன் கழுவிய வாசனை குழாயடி வரை.
ஸ்கேன் முடிவு வரும் நாளில்
அது என்ன அறை என்பதற்கு
என்னிடம் சொல் இல்லை.

ஆகவே மொழிக்கே ஒரு சொல் சேர்த்தேன்:
பண்பு.

எஞ்சினுக்கு அது தெரியாது, தெரியவும் வேண்டாம்.
நான் எழுதுவதை முதலில்
என் செருகுநிரல் வாங்கிக்கொள்ளும்.
வரிகளை மரமாக்கி
பண்பு என்ற கிளையை மட்டும் ஒடித்து
அதில் தொங்கிய வேலைகளை
அறையின் உடம்பில் ஒட்டி
பழைய மொழியாகவே கீழே இறக்கிவிடும்.
தையல் தெரியாது.

மே மாதம்.
மலையெல்லாம் வெறும் பாறை,
பாறையெல்லாம் இரவிலும் சூடு.
மொட்டைமாடி அறையில் இரண்டு மணிக்கு
முதல்முறை பிழையில்லாமல் ஓடியது.
இம்தியாஸை எழுப்பிக் காட்டினேன்.
"ரெண்டு பண்புலயும் ஒரே பேர் வந்தா?"
கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்தான்.
பின்னால் வருவது முன்னதை மூடிவிடும் என்றேன்.
எளிது. ஒரே வரி.

வாடகையில் ஒரு காலிசெய்:
சாவி வாங்கு, முன்பணம் திருப்பு, பூட்டு.
அடுப்பில் ஒரு காலிசெய்:
சிலிண்டரை எடு, பாத்திரம் எண்ணு,
நாளுக்கு நாற்பது ரூபாயை நிறுத்து.
அறைக்கு அடுப்பை முதலில் கொடுத்தேன்,
வாடகையை அப்புறம்.
அன்றைக்குக் கை போன வரிசை அது.

பதினான்காம் அறையை
ஷெஃபாலி மண்டல் காலிசெய்தது ஆடியில்.
ஐஸ் பெட்டியில் மகன்,
மேதினிபூர் வரை சாலை வழி.
டிரைவர் ஹாரன் அடிக்கவில்லை, காத்திருந்தார்.
சாவி கைமாறியது. முன்பணம் திரும்பியது.
பூட்டு விழுந்தது.
அடுப்பு மட்டும்
என் கணக்கில் எரிந்துகொண்டே இருந்தது,
பத்தொன்பது நாள்.

எழுநூற்று அறுபது ரூபாய் என்று
அவள் கைப்பேசிக்குச் செய்தி தானாகப் போனது.
அவள் எதுவும் கேட்கவில்லை.
கட்டிவிட்டாள்.

"இன்னாப்பா இது?"
சம்பங்கி அம்மாள் திரையை என் பக்கம் திருப்பினாள்.
வேறு பேசவில்லை.
பணத்தைத் திருப்பி அனுப்பினேன்.
காரணம் எழுத ஒரு சின்னக் கட்டம் இருந்தது.
எழுதி, அழித்து, எழுதி,
காலியாகவே விட்டேன்.

அன்றிரவு அந்த ஒரே வரியை எடுத்தேன்.
இப்போது என் செருகுநிரல் ஊகிப்பதில்லை.
ஒரே பேர் இரண்டு வந்தால்
வரி எண்ணைச் சொல்லி நின்றுவிடும்:
இரண்டு காலிசெய் உள்ளன.
எது முதலில்?
எழுதியவரே சொல்லவும்.

நாற்பது இடத்தில் நிற்கிறதென்று
இம்தியாஸ் திட்டுகிறான்.
நிற்கட்டும்.
ஒவ்வோர் இடமாகப் போய்க் கையால் எழுதுகிறேன்,
முதலில் அடுப்பு,
பிறகு சாவி.
கீழே பன்னிரண்டாம் அறையில் யாரோ
கடுகெண்ணெய் காயவைக்கிறார்கள்.
கண் எரிகிறது.
இன்னும் முப்பத்தொன்று இருக்கிறது.