எட்டாம் எண் வேட்புமனு

அன்று பரிசீலனை.
கடலூர் ஒன்றிய அலுவலகம்.
மின்விசிறிக் காற்றில் பறந்துவிடாமல்
ஒரு மனுவின் மேல் சாவிக்கொத்து, ஒன்றின் மேல் செல்போன்,
எட்டாம் எண்ணின் மேல் என் சோற்று டப்பா.

எட்டாம் எண்: தனக்கோடி, க/பெ சுப்புராயன்,
ஓலைப்பட்டு ஊராட்சித் தலைவர் பதவிக்கு.
தொழில் என்ற கட்டத்தில்
அழித்து அழித்து எழுதியிருந்தாள்:
'தண்ணி திறந்து விடுறது.'

ஆட்சேபம் சொல்ல எழுந்தவர் கலியமூர்த்தி,
மூன்றாம் எண், முந்திரி மண்டி.
கூடவே மஞ்சக்குப்பத்து வக்கீல்.
"மேல்நிலைத் தொட்டி இயக்குபவர்.
ஊராட்சிப் பணத்தில் சம்பளம்.
அரசு ஊழியர் போட்டியிடக் கூடாது.
ஆதாயம் தரும் பதவி, ஐயா."

ஆதாயம் என்ற சொல்லைக் கேட்டதும்
தனக்கோடிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
அடக்கப் பார்த்தாள், இருமலாக மாறியது.
அலுவலர் என்னைப் பார்த்தார்.
தண்ணீர் கொடுத்தேன்.
குடித்துவிட்டு, பழக்கதோஷம்,
"குளோரின் கம்மியா இருக்கு" என்றாள்.

பிறகு மஞ்சள் பையிலிருந்து
லேமினேட் செய்த தாள் ஒன்றை எடுத்து வைத்தாள்.
எனக்கு அது தெரியும்.
நாலு வருஷத்துக்கு முன்னால்
பணி நிரந்தரம் கேட்டு அவள் போட்ட மனுவுக்கு
இந்த அலுவலகம் அனுப்பிய பதில்.
'மனுதாரர் அரசு ஊழியார் அல்லர்.
தொகுப்பூதியம் சம்பளமாகாது.
கோரிக்கை ஏற்க இயலாது.'

ஊழியரை ஊழியார் ஆக்கியவன் நான்தான்.
அன்று மத்தியானம் மின்சாரம் போய்ப் போய் வந்தது.
கையெழுத்து வாங்கும் அவசரத்தில் திருத்தவில்லை.
அந்தத் துணைக்கால் இப்போது
பிளாஸ்டிக்குக்குள் அகப்பட்ட கொசுபோல
எல்லார் முன்னாலும் கிடந்தது.

"பென்ஷன் கேட்டப்போ
நீ சர்க்காரு ஆளு இல்லன்னீங்க.
முத்திர கூடப் போட்டிருக்கு.
சரின்னு போயிட்டேன்.
புயல் வருஷம் எட்டு நாளா கரண்டு இல்ல,
டிராக்டர்ல ஜெனரேட்டரக் கட்டி மோட்டார் ஓட்டுனேன்,
அப்ப நான் யாருன்னு யாரும் கேக்கல.
இப்ப பேரு குடுத்ததும் சர்க்காரு ஆளுங்கறீங்க.
எதுன்னாலும் சரி சார், ஏதாவது ஒண்ணா இருக்கேன்.
ரெண்டும் இல்லாம இருக்க முடியல."

வக்கீல் ஒரு தீர்ப்பை வாசித்தார்.
அலுவலர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார்.
நியமிப்பது யார், நீக்குவது யார்,
கூலி எந்தக் கணக்கிலிருந்து –
கேள்விகள் நியாயமானவைதான்.
இருபத்தாறு வருஷமாக அரசு ஊழியன் நான்.
மேசைக்கு இந்தப் பக்கம் இருப்பவன்
வீடு வீடாக ஓட்டுக் கேட்டுப் போனால்
என் முத்திரைக்குப் பயப்படாதவர் யார்?
தனக்கோடியிடம் முத்திரை இல்லை,
ஒரு திருகுசாவி.
அதற்கும் பயப்படலாமோ?
தெருவுக்குத் தெரு வால்வு அவள் கையில்.
எனக்குச் சட்டென்று விளங்கவில்லை.

மணி நாலே கால்.
"எப்பங்க சொல்லுவீங்க?
அஞ்சு மணிக்கு மேட்டுத்தெருவுக்குத் திறக்கணும்.
மூணு நாளா பைப்பு உடைசல், அவங்களுக்குத் தண்ணியே இல்ல."
மேட்டுத்தெருவில்தான் கலியமூர்த்தி வீடு.
அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.
வக்கீலைப் பார்த்தார்.
வக்கீல் மின்விசிறியைப் பார்த்தார்.

"ஆணை ஆறு மணிக்கு" என்றார் அலுவலர்.
நெல்லிக்குப்பம் பஸ்ஸைப் பிடிக்க அவள் ஓடினாள்.
தாள் மேசையிலேயே கிடந்தது.

என்னைத் தட்டச்சு செய்யச் சொன்னார்.
'மனுதாரர் அரசு ஊழியர்' வரை வந்தேன்.
இந்த முறை துணைக்கால் விழவில்லை.
அடுத்த சொல் 'ஆவார்' என்பதா 'அல்லர்' என்பதா,
அவர் இன்னும் சொல்லவில்லை.
மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

வெளியே எங்கள் அலுவலகத் தொட்டி
நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.
நிறுத்துவது யார் வேலை என்று
ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.
எழுந்து போனேன்.
மூன்று சுவிட்சுகள் இருந்தன.
மோட்டாருக்கு எது என்று எனக்குத் தெரியவில்லை.