வில்லங்கம்

வாடிப்பட்டி சார்பதிவாளர் ஆபீஸுக்கு எதிரே,
ஜெராக்ஸ் கடைக்கும் இளநீர் வண்டிக்கும் நடுவில்
பத்திரம் எழுதுகிறேன்.
சிறுமலை அடிவாரத்துக் கோட்டை
நேற்று என் மேஜைக்கு வந்தது,
பாலித்தீன் பைக்குள், நாலாக மடித்து.

கட்டியவர் சாயவியாபாரி குப்பய்யர்.
ஜெர்மன்காரன் சண்டைக்குப் போன வருஷம்
சாயக்கப்பல் நின்றுபோக,
கீழவாசல் கிட்டங்கியில் நூற்றுப்பத்து பீப்பாய்கள்
பேசாமல் உட்கார்ந்திருந்தனவாம்.
அவரும் பேசவில்லை,
ராத்தல் ஆறணா ஆறு ரூபாய் ஆகும்வரை.
தெப்பக்குளத்துப் பக்கம் தறிகள் வெள்ளையாகவே ஓடின.
கூறைச்சேலைக்குச் சிவப்பில்லாமல்
இரண்டு முகூர்த்தங்கள் தள்ளிப்போயின.

பீப்பாயின் லேபிளில் ஒரு கோட்டை.
ஏதோ நதி, ஏதோ பாறை,
கூம்புத் தொப்பி போட்ட கோபுரங்கள்.
அதை ஊறவைத்து உரித்து
சோணைக் கொத்தனார் கையில் கொடுத்தார்:
"இதே மாதிரி."

சோணை சொல் தவறாதவர்.
நாலாவது கோபுரத்தைக் கம்பெனிப் பெயர்
பாதி மறைத்திருந்தது;
பாதிதான் கட்டினார்.
அகழி தெரிந்தது, வெட்டினார்.
விற்காமல் மிஞ்சிய சாயத்தைச் சுண்ணாம்பில் கலந்து
முகப்பு முழுக்க அடித்தார்கள்.
முதல் ஐப்பசி மழையில் அகழி சிவந்தது.
ஊர் எருமைகள் அதில் கிடந்துவிட்டு
சாயங்காலம் சிவந்து வீடு திரும்பின.
பார்க்க வந்த துரை
சிரிப்பை மீசைக்குள் வைத்துக்கொண்டாராம்.

லேபிளுக்குப் பின்பக்கம் பசைதான், படம் இல்லை.
ஆகவே கோட்டையின் பின்பக்கத்துக்குத்
தனக்குத் தெரிந்ததைக் கட்டினார் சோணை:
நாட்டு ஓடு, முற்றம், கிணறு,
துணி துவைக்க ஒரு கல்.

குப்பய்யர் சம்சாரம் ரெங்கம்மாள்
முன்வாசலை மிதித்தது இரண்டே முறை.
பால் காய்ச்சிய அன்று.
ஜப்திக்கு அமீனா வந்த அன்று.

மீதியை வில்லங்கச் சான்று சொல்கிறது, அதன் பாஷையில்.
முப்பத்தொன்றில் அடமானம், தேவகோட்டைப் பார்ட்டிக்கு.
நாற்பத்துமூன்றில் பட்டாளம் எடுத்துக்கொண்டு
மலேரியா ஆஸ்பத்திரி வைத்தது.
மீட்டார்கள். மறுபடி வைத்தார்கள். மறுபடி மீட்டார்கள்.
அப்புறம் நூல் கிட்டங்கி, மாணவர் விடுதி.
ஒரு சினிமாவுக்காக ஏணி வைத்து ஏறிய வில்லன்
கோபுரத்திலிருந்து விழுந்தான்;
கீழே வைக்கோல் பரப்பிய ஒன்பது பேருக்கு
இன்னும் கூலி பாக்கி.
அது சான்றில் இல்லை.
கூலி பாக்கி வில்லங்கத்தில் சேராது.

இப்போது இருபத்துமூன்று வாரிசுகள்.
"அக்கா, முன்பக்கம் எனக்கு வேண்டாம்,"
தனித்தனியாக வந்து காதில் சொல்கிறார்கள்.
ராஜ்கோட்டில் போய்க் குடியேறிவிட்ட சாந்தாராம் மட்டும்
கோபுரத்துக்குள் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு வந்து
உள்ளே படிக்கட்டே இல்லையே என்கிறார்.
லேபிளில் தெரிந்திருக்காது, சார்.

கம்ப்யூட்டர் கட்டடத்தின் வகை கேட்கிறது:
கூரை, ஓடு, மெட்ராஸ் டெரஸ், கான்கிரீட்.
கோட்டைக்கு ஒரு கட்டம் இல்லை.
மேலும் கீழும் தேடிவிட்டு
ஓடு என்று அமுக்கினேன்.
வயது, நூற்றுநாலு.
தேய்மானம் போக மதிப்பு என்ன என்று
சக்கரம் சுற்றிச் சுற்றி யோசித்த திரை
கடைசியில்
கிணற்றுக்கு மட்டும் ஒரு தொகை போட்டது.